ஃபிராக்டல் நெபுலா பண்றவங்களுக்கு ஒரு குறிப்பு

அபோஃபிசிஸ், ஜேவைல்ட்ஃபயர்ங்கற ஃபிராக்டல் (கணக்கு ஃபார்முலாவுல வர்ற படம்) சாஃப்ட்வேர்ல நெபுலா (விண்வெளி மேகம்), கேலக்ஸி மாதிரி பண்றவங்க கலரும் வடிவமும் முடிவாகற வரைக்கும் 900 பிக்சல், குவாலிட்டி 50லயே வெச்சுப் பாருங்க, புடிச்சதும் பாராமீட்டர் ஃபைலை (படத்தோட ஃபார்முலா நம்பர் இருக்கற ஃபைல்) சேவ் பண்ணிட்டு 3600 பிக்சல், குவாலிட்டி 1000னு ஒரே ஒரு தடவை நைட்டு ரெண்டர் (ஃபார்முலாவ முழுப் படமா மாத்தறது) போட்டுட்டு படுத்துருங்க. திருப்பூர்ல டீசர்ட் பிரிண்டுக்கு 12 இஞ்ச், 300 டிபிஐ (இஞ்சுக்கு 300 புள்ளி) கேட்டாங்கன்னா இந்த 3600 கரெக்டா வந்துருமுங்க.

1992ல ஸ்காட் டிரேவ்ஸ் கொண்டுவந்த இந்த ஃப்ளேம் ஃபிராக்டல் படமா சேவ் ஆகறதில்லீங்க, வெறும் ஃபார்முலா நம்பருதான், அதனால எந்த சைஸ்ல போட்டாலும் உடையாது. நீளம், அகலம் ரெண்டும் 4 மடங்காகறதால பிக்சல் 16 மடங்கு, குவாலிட்டி 20 மடங்குன்னா கம்ப்யூட்டருக்கு 320 மடங்கு வேலை, ஒவ்வொரு கலர் மாத்தறப்பவும் அதைச் செஞ்சா பொழுதே போயிரும்.

ஒண்ணு கவனிங்க, கம்மி குவாலிட்டில தெரியற புள்ளியெல்லாம் நட்சத்திரமாட்டவே அழகா இருக்கும், ஆனா அது வெறும் நாய்ஸ் (குவாலிட்டி பத்தாம வர்ற பொடிப் புள்ளி), பெரிய ரெண்டர்ல காணாமப் போயிரும். நட்சத்திரத்தை கடைசியா கிம்ப்ங்கற படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல தனி லேயர்ல போடுங்க. கிம்ப்ல ஏற்கனவே பிரஷ் போட்டு மாத்துன படத்துக்கு இந்த வழி ஆகாதுங்க, அது பிக்சல், பெருசாக்குனா மங்கிரும்.