ரிவர்ஸில் மட்டும் திணறாத கார்

நாலு நாள் அலைச்சல், இப்போதுதான் நிம்மதி. முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி திணறும். செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடு பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை.

ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன், பயனில்லை. அடுத்து ஏர் ஃப்ளோ சென்சார். அதற்குள் சூடான மெல்லிய கம்பி இருக்கிறது. காற்று அதைக் குளிரவைக்கும். சூடு குறையாமல் பிடிக்க எவ்வளவு கரண்ட் தேவைப்படுகிறதோ, அதை வைத்து உள்ளே போகும் காற்றின் அளவை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை விடும். கம்பியைத் தொடாமல், அதற்கான ஸ்ப்ரே அடித்துக் காயவைத்து மாட்டினேன். அப்படியேதான் இருந்தது.

பிறகுதான் கவனித்தேன்: ரிவர்ஸில் எவ்வளவு மிதித்தாலும் திணறல் இல்லை! முன்னால் போகும்போது இன்ஜின் ஒரு பக்கம் சாயும், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம். சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) நடுவில் உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, மடிப்புகளை இழுத்துப் பார்த்தேன். அடிப்பக்க மடிப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். மாட்டியிருந்தபோது கண்ணில் படவே இல்லை. இன்ஜின் சாயும்போது அது வாய் திறக்க, சென்சார் அளக்காத காற்று உள்ளே புகுந்திருக்கிறது. சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

புதுக் குழாய் போட்டு, பழுதுக் குறியீட்டை அழித்தேன். திணறலும் இல்லை, விளக்கும் திரும்ப எரியவில்லை.