கொடைக்கானலில் புயலா? வீட்டைத் தயார் செய்வது எப்படி

ஹரிகேன் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது அரிக்கேன் விளக்குதான். காற்றுக்கு அணையாது என்பதால் அதற்கு அந்தப் பேர். அட்லாண்டிக் பக்கம் ஹரிகேன் என்பதை வங்கக் கடலில் புயல் என்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடல் எங்கே, கொடைக்கானல் எங்கே என்றுதான் நானும் இருந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, திண்டுக்கல் வழியாக அன்றைக்கே மலையையும் ஒரு கை பார்த்தது. எங்கள் தெருவில் ஆறு நாள் கரண்ட் இல்லை. என் சமையல்கட்டுத் தகரம் கீழ்வீட்டுக் கேரட் பாத்தியில் கிடந்தது. அன்று கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. மரத்தைப் பாருங்கள்

இது கோடையிலேயே செய்யவேண்டிய வேலை. மலையில் காற்றைவிட, காற்று சாய்க்கிற மரம்தான் ஆபத்து. வாட்டில் மரத்துக்கு வேர் ஆழம் போகாது. நாலு நாள் மழையில் மண் ஊறிவிட்டால் ஒரு தள்ளுக்கே வேரோடு படுத்துவிடும். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குள் உங்கள் படுக்கையறை இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இருந்தால், புயல் இரவில் அந்த அறையில் படுக்க வேண்டாம்.

சொந்த நிலத்து மரம்தானே என்று வெட்டிவிட முடியாது. மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். புயல் சின்னம் உருவானபிறகு மனு கொடுத்து ஒன்றும் ஆகாது. கிளை கழிப்பதானாலும் கேட்டுக்கொண்டு கை வைப்பது நல்லது.

2. தண்ணீருக்கு வழி விடுங்கள்

வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சுவர் எழுப்பியிருந்தால், அந்தத் தடுப்புச் சுவரில் பைப் ஓட்டைகள் இருக்கும். அவற்றில் மண்ணும் பாசியும் அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுங்கள். தண்ணீர் வெளியே வராவிட்டால் சுவருக்குப் பின்னாலேயே தேங்கி, பாரம் ஏறி, ஒரு நாள் சுவரையே தள்ளிவிடும். ஓடையையும் கூரைத் தாழ்வாரத்தையும் சருகு இல்லாமல் வழித்து எடுங்கள். அரை நாள் வேலை. சிமென்ட் பூசுகிற எந்தச் செலவைவிடவும் இது மேல் என்பேன்.

3. கூரை

தகரத்தின் மேல் கல் தூக்கி வைக்கிற பழக்கத்தை விடுங்கள். காற்று தூக்கினால் அந்தக் கல் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. ஒரு கயிற்றின் இரண்டு முனையிலும் மணல் மூட்டை கட்டி, முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தொங்கவிடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுகளையும் வாஷர்களையும் மாற்றிவிடுங்கள். சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பி வையுங்கள். குடிக்கவும் ஆகும், காலித் தொட்டி மாதிரி உருண்டு போகவும் செய்யாது.

4. ஒரு வாரச் சாமான்

வத்தலக்குண்டு ரோட்டில் மரமோ மண்ணோ விழுந்தால் பால், கேஸ், பெட்ரோல் எல்லாம் நின்றுபோகும். அதனால் அரிசி, பருப்பு, மாத்திரை, தீப்பெட்டி, டார்ச் செல், பணம் கையில் இருக்கட்டும். ரேஷன் அட்டை, பட்டா நகலைப் பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். பவர் பேங்க் தீரும், டவரும் படுத்துவிடும்; அப்போது செல் போட்ட பழைய டிரான்சிஸ்டரில் கோடை பண்பலை 100.5 கேட்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. குளிருக்குக் கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தாதீர்கள். அந்தப் புகையில் வாசனை தெரியாத நஞ்சு இருக்கிறது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பளி போதும்.

5. எச்சரிக்கை வந்த நாள்

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்கிறார்களே, சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை எதிர்பார்க்கலாம் என்று பொருள். சரிவில் வீடு இருப்பவர்கள் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். பகல் வெளிச்சத்திலேயே உறவினர் வீட்டுக்கோ முகாமுக்கோ கிளம்பிவிடுங்கள். மாட்டை அவிழ்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே இருப்பவர்கள் மண்ணைக் கவனியுங்கள். தரையில் புது விரிசல், திடீரென்று இறுக்கிக்கொள்கிற கதவு, சாய்ந்து நிற்கிற கம்பம், தெளிவாக ஓடிய ஊற்று கலங்குவது அல்லது சட்டென்று நின்றுபோவது: இதில் ஒன்றைக் கண்டாலும் வெளியேறுங்கள், பீரோ சாவியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108.

6. விட்டபிறகு

அறுந்து கிடக்கும் கம்பியைத் தொட வேண்டாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள். விழுந்த மரத்தை வெட்டும்போது வளைந்து நிற்கிற கிளை அறுந்ததும் சாட்டை மாதிரி அடிக்கும், அந்தப் பக்கம் நிற்காதீர்கள். அப்புறம், வெயில் அடித்துவிட்டதே என்று சரிவோரத்து அறைக்கு உடனே திரும்ப வேண்டாம். மேலே காய்ந்தாலும் உள்ளே மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். நாங்கள் கஜாவுக்குப் பிறகு ஒரு வாரம் முன்னறையில்தான் பாய் விரித்தோம்.