எசன்ஸ் அளக்கும் சிரிஞ்ச் சீக்கிரம் இறுகாமல் இருக்க

வெயில் காலத்தில் எங்கள் வீட்டில் ரோஸ் மில்க் சிரப்பும் நன்னாரி சர்பத்தும் வாராவாரம் நடக்கும். கேட்பவர்களுக்கு பாட்டிலில் ஊற்றியும் கொடுப்பேன். எசன்ஸை மூடியில் அளந்தால் ஒரு தடவை மணக்கும், மறு தடவை கசக்கும். என் கணக்கில் ஒரு லிட்டர் பாகுக்கு 4 மி.லி. ரோஸ் எசன்ஸ், அதை அளக்க மருந்துக்கடை சிரிஞ்சை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் கொஞ்ச நாளிலேயே இறுகிவிட்டது, கோடு அழிந்துவிட்டது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

வாங்கும்போதே 2, 5, 10 மி.லி. என்று மூன்று அளவில், புதுசாக, பிரிக்காத உறையில் வாங்குங்கள். ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்சுலின் சிரிஞ்ச் சின்னதாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதில் இருப்பது மி.லி. கணக்கு இல்லை, யூனிட் கணக்கு. யூ-40 என்றால் 40 யூனிட் ஒரு மி.லி., யூ-100 என்றால் 100 யூனிட் ஒரு மி.லி. சமையல் நடுவில் இந்தக் கணக்கெல்லாம் யார் போடுவது?

சிரிஞ்சின் குழல் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், லேசில் கெடாது. கெடுவதெல்லாம் பிஸ்டன் நுனியில் இருக்கும் கறுப்பு ரப்பர்தான். புதுசில் அது வழுக்கிக்கொண்டு ஓடுவது உள்ளே தடவியிருக்கும் சிலிக்கோன் எண்ணெயால். சோப்புப் போட்டுக் கழுவக் கழுவ அது போய்விடும், ரப்பர் குழலைப் பிடித்துக்கொள்ளும். உடனே நம் ஆட்களின் கை தேங்காய் எண்ணெய்க்குப் போகும். முதலில் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, முன்னைவிட மோசமாக இறுகும். வாசலினும் இதே கதைதான். கேக் சாமான் கடையில் கிடைக்கும் கிளிசரினை ஒரு சொட்டு ரப்பரைச் சுற்றித் தடவி, பிஸ்டனை நாலு தடவை மேலும் கீழும் ஓட்டினால் போதும். ரப்பருக்கும் கெடுதல் இல்லை, சிரப்பில் கலந்தாலும் பாதகமில்லை.

ஆரஞ்சு, எலுமிச்சை, புதினா, கிராம்பு எண்ணெய்களுக்கு இந்த சிரிஞ்சைத் தொடவே கூடாது. ரப்பர் உப்பும், கோடு கரையும், வாசமும் போகாது. கிராம்பு எடுத்த சிரிஞ்சில் ரோஸ் எடுத்துப் பாருங்கள், ரோஸ் மில்க்கில் பல்வலி மருந்து வாடை வரும்! இவற்றுக்கு சர்ஜிகல் கடையில் விற்கும் முழுக் கண்ணாடி சிரிஞ்ச்தான் சரி. புரொப்பிலீன் கிளைக்கால் என்ற, எண்ணெய் இல்லாத திரவத்தில் கரைத்த எசன்ஸ்களால் ரப்பருக்கு அவ்வளவு தொல்லை இல்லை. இருந்தாலும் ஒரு வாசனைக்கு ஒரு சிரிஞ்ச் என்று பெயர் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அவை மருந்து டப்பா பக்கமே போகக் கூடாது.

நன்னாரி மாதிரி கெட்டியானதை வெடுக்கென்று இழுத்தால் காற்றுதான் ஏறும், ரப்பரும் பிஸ்டனிலிருந்து கழன்றுவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மெதுவாக இழுங்கள்.

வேலை முடிந்த கையோடு கழுவுவது முக்கியம். சர்க்கரை காய்ந்தால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை நாலைந்து தடவை இழுத்துத் தள்ளுங்கள். பிறகு பிஸ்டனை உருவி, ஒரு சொட்டு பாத்திர சோப்பால் இரண்டையும் தனித்தனியாகக் கழுவி, நிழலில் காய வையுங்கள். கொதிக்க வைக்கவும் வேண்டாம், ஸ்டீல் நார் போடவும் வேண்டாம். காய்ந்த பிறகும் பிஸ்டனைச் செருகி வைக்காதீர்கள். குழலுக்குள் நசுங்கியபடியே கிடந்தால் ரப்பர் அந்த வடிவத்திலேயே நின்று, ஓரத்தில் கசிய ஆரம்பிக்கும்.

கோடுகள் மேல் முதல் நாளே செலோ டேப்பைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். அழிந்த பிறகு ஒட்டி என்ன பயன்?

இன்னும் தேறுமா என்று பார்க்க, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பாதி இழுத்து விடுங்கள். சட்டென்று உள்ளே திரும்பி ஓடினால் நல்லது. இழுத்த இடத்திலேயே நின்றால் காற்று கசிகிறது, அளவு தப்பும். கிளிசரின் தடவியும் அப்படியே நின்றால் அது அடுப்படிக்கு ஆகாது. நான் அதைத் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட வைத்துக்கொள்வேன். ரப்பர் எவ்வளவு உப்பினாலும் அங்கே கவலை இல்லை.