நிரலைத் திறக்கும்போதெல்லாம் அட்மின் அனுமதி கேட்கிறதா? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

தினமும் திறக்கும் மென்பொருள்தான். திடீரென ஒரு நாள் அதன் ஐகானைச் சொடுக்கினால் திரை மங்குகிறது. 'இந்த ஆப் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்ற பொருளில் ஒரு பெட்டி வருகிறது. பலர் படிக்காமலேயே 'யெஸ்' அழுத்திப் பழகிவிடுகிறார்கள். சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. பெட்டியைக் காட்டுவது விண்டோஸ்தான். ஆனால் அதைக் காட்ட வைப்பது அந்த மென்பொருளோ, அதன் ஷார்ட்கட்டோ, எங்கோ யாரோ போட்டுவைத்த ஒரு டிக்கோதான். எது என்று கண்டுபிடித்து அந்த இடத்திலேயே சரிசெய்தால் போதும்.

இந்த வசதியின் பெயர் யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல், சுருக்கமாக யூஏசி. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. 'நான்தான் அட்மின் ஆயிற்றே, என்னிடமே ஏன் கேட்கிறது?' என்பது புதியவர்களின் முதல் கேள்வி. அட்மின் கணக்கில் நுழைந்திருந்தாலும், நீங்கள் திறக்கும் மென்பொருள்களுக்கு விண்டோஸ் சாதாரண உரிமையைத்தான் கொடுக்கிறது. முழு உரிமை வேண்டும் என்று ஒரு மென்பொருள் கேட்கும்போது மட்டும் உங்களிடம் வந்து நிற்கிறது. கீழே உள்ள படிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: பெட்டியை முழுதாகப் படியுங்கள்

எதையும் அழுத்தாமல், பெட்டியில் உள்ள 'ஷோ மோர் டீட்டெயில்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மென்பொருளின் பெயர், வெளியீட்டாளர் பெயர், அந்தக் கோப்பு இருக்கும் இடம்.

பெயரே பல நேரங்களில் விடையைச் சொல்லிவிடும். நீங்கள் திறந்தது பிடிஎஃப் ரீடர். பெட்டியில் இருப்பதோ அதன் அப்டேட்டரின் பெயர் என்றால், அனுமதி கேட்பது ரீடர் அல்ல. புதிய பதிப்பு காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை அப்டேட்டை முடித்துவிட்டால் கேள்வி நின்றுவிடும்.

வெளியீட்டாளர் இடத்தில் 'அன்நோன்' என்று இருந்து, பெட்டியில் மஞ்சள் நிறம் தெரிந்தால், அந்தக் கோப்பில் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பம் (யார் வெளியிட்டது என்பதை உறுதிசெய்யும் முத்திரை) இல்லை என்று பொருள். சிறிய உள்ளூர் மென்பொருள்களில் இது சகஜம். ஆனால் பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய மென்பொருளுக்கு 'அன்நோன்' வந்தால் 'நோ' கொடுங்கள். கோப்பு இருக்கும் இடம் டெம்ப் ஃபோல்டராக இருந்து, நீங்கள் எதையும் இன்ஸ்டால் செய்யவும் இல்லை, அப்டேட் செய்யவும் இல்லை என்றால் அப்போதும் 'நோ'தான். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒரு ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்கள்.

நீல நிறத்தில் பெரிதாக 'விண்டோஸ் உங்கள் பிசியைப் பாதுகாத்தது' என்று வருவது ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற இன்னொரு பாதுகாப்பு. அது வேறு; இங்கே சொல்லும் படிகள் அதற்கு உதவாது.

படி 2: உங்கள் கணக்கு எந்த வகை?

வெறும் யெஸ், நோ மட்டும் கேட்டால் உங்களுடையது அட்மின் கணக்கு. பாஸ்வேர்டோ பின்னோ கேட்டால் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் கணக்கு. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்று போனால் உங்கள் பெயருக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருக்கிறதா என்று தெரியும்.

ஸ்டாண்டர்ட் கணக்கில் இருந்துகொண்டு இன்னொருவரின் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தால், அந்த மென்பொருள் அந்த இன்னொருவரின் பெயரில்தான் ஓடும். அதன் செட்டிங்ஸ், டாகுமென்ட்ஸ் ஃபோல்டர் எல்லாம் அவருடையவை. 'சேவ் செய்தேன், என் டாகுமென்ட்ஸில் காணோம்' என்ற புகாரில் ஒரு பகுதி இப்படித்தான் வருகிறது.

படி 3: ஷார்ட்கட்டா, மென்பொருளா?

டெஸ்க்டாப் ஐகானில் வலது சொடுக்கி 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். ஸ்டார்ட் மெனுவிலிருந்து போனால் முதலில் இன்னொரு ஷார்ட்கட் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். அங்கே மறுபடி ஒருமுறை அதையே செய்ய வேண்டும். கடைசியில் வரும் இஎக்ஸ்இ கோப்பை, அதாவது மென்பொருளை ஓட்டும் அசல் கோப்பை, நேரடியாக இருமுறை சொடுக்கிப் பாருங்கள்.

நேரடியாகத் திறக்கும்போது கேட்கவில்லை என்றால் குற்றவாளி ஷார்ட்கட்தான். அதன் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ஷார்ட்கட் டேபில் 'அட்வான்ஸ்ட்' பட்டனை அழுத்தி, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதன் டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். டாஸ்க்பாரில் பின் செய்திருந்தால் அதுவும் ஒரு தனி ஷார்ட்கட். ஐகானில் வலது சொடுக்கி, வரும் பட்டியலில் மென்பொருளின் பெயர் மீது மறுபடி வலது சொடுக்கினால் அதன் ப்ராப்பர்ட்டீஸ் கிடைக்கும். டெஸ்க்டாப்பில் மாற்றியது டாஸ்க்பாருக்குப் பொருந்தாது.

படி 4: கம்பாட்டிபிலிட்டி டேப்

நேரடியாகத் திறந்தாலும் கேட்கிறது என்றால், இஎக்ஸ்இ கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி டேபைத் திறங்கள். கீழே 'ரன் திஸ் ப்ரோக்ராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இங்கேதான் பலர் பாதியில் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பெட்டி காலியாக இருக்கும், ஆனாலும் கேள்வி வந்துகொண்டே இருக்கும். அதே டேபின் அடியில் 'சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் அதே மாதிரி இன்னொரு ஜன்னல் திறக்கும். முதல் ஜன்னலில் இருப்பது உங்கள் கணக்குக்கு மட்டும். இரண்டாவதில் இருப்பது கணினியில் உள்ள எல்லாருக்கும். இரண்டும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் இடம்) தனித்தனி இடத்தில் பதிவாகின்றன. சர்வீஸுக்கு வந்தவர் இரண்டாவதில் டிக் போட்டுவிட்டுப் போயிருந்தால், முதலாவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 என்று ஏதாவது தேர்வாகியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். எப்போதோ ஒருமுறை ட்ரபுள்ஷூட்டரை ஓட்டியது இதையெல்லாம் விட்டுவைத்திருக்கலாம்.

படி 5: டிக்கை எடுத்த பிறகு மென்பொருள் தகராறு செய்தால்

நிஜமான சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. டிக்கை யாரோ காரணத்தோடுதான் போட்டிருப்பார்கள். பழைய பில்லிங், கணக்கு மென்பொருள்கள் தங்கள் டேட்டாவை, தாங்கள் இன்ஸ்டால் ஆன ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். சாதாரண உரிமையில் அங்கே எழுத முடியாது. எழுத முடியாமல் எரர் வந்ததும், 'அட்மினாக ஓட்டு' என்று டிக் போட்டு முடித்திருப்பார்கள்.

எரரே வராவிட்டால் இன்னும் கவனம் வேண்டும். பழைய 32 பிட் மென்பொருள் ப்ரோக்ராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். அங்கே டேட்டாவின் இரண்டாவது நகல் ஒன்று உருவாகிவிடும். இன்று சாதாரணமாகத் திறந்து 40 பில் போடுகிறீர்கள். அவை இந்த நகலில் ஏறுகின்றன. நாளை வேறொருவர் வலது சொடுக்கி அட்மினாகத் திறக்கிறார். அவருக்குத் தெரிவது பழைய டேட்டா. 40 பில்லும் மாயம். உண்மையில் அவை விர்ச்சுவல்ஸ்டோரில் பத்திரமாக இருக்கும், ஆனால் பதற்றத்தில் மறுபடி எண்ட்ரி போட ஆரம்பித்தால் இரண்டு கணக்குப் புத்தகம் ஆகிவிடும்.

ஆகவே டிக்கை எடுப்பதற்கு முன்பே மென்பொருளை மூடி, டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பிறகு இப்படிச் செய்யலாம்:

மென்பொருளில் டேட்டா இருக்கும் இடத்தை மாற்ற வசதி இருந்தால், டி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அங்கே மாற்றுங்கள். இதுதான் சுத்தமான தீர்வு.

அந்த வசதி இல்லை, ஆனால் டேட்டா தனி ஃபோல்டரில் இருக்கிறது என்றால், அந்த ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப், எடிட். பட்டியலில் யூசர்ஸ் என்பதைத் தேர்ந்து, அலவ் வரிசையில் 'மாடிஃபை' டிக் செய்து ஓகே. 'ஃபுல் கன்ட்ரோல்' தேவையில்லை. மென்பொருளின் மொத்த ஃபோல்டருக்கும் இந்த உரிமையைக் கொடுக்காதீர்கள். இஎக்ஸ்இ கோப்பையே யாரும் மாற்றலாம் என்றாகிவிட்டால், வைரஸ் அதன் இடத்தில் தன்னை வைத்துக்கொள்ளும்.

டேட்டாவும் இஎக்ஸ்இயும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தால், மென்பொருளை நீக்கி, ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் மறுபடி இன்ஸ்டால் செய்து, டேட்டாவை அங்கே ஒட்டுங்கள். லைசென்ஸ் கீ கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மட்டும் இதில் இறங்குங்கள்.

படி 6: கோப்பின் பெயர்

சிறிய விஷயம், ஆனால் குழப்பும். பழைய 32 பிட் கோப்பின் பெயரில் செட்டப், இன்ஸ்டால், அப்டேட் போன்ற ஆங்கிலச் சொல் இருந்தால், விண்டோஸ் அதை இன்ஸ்டாலர் என்று ஊகித்து அனுமதி கேட்கும். கோப்பை நகலெடுத்துப் பெயரை மாற்றித் திறந்து பாருங்கள். கோப்பின் உள்விவரங்களிலும் அந்தச் சொல் இருந்தால் பெயர் மாற்றம் பலிக்காது.

படி 7: மென்பொருளே கேட்கிறது என்றால்

எல்லாம் பார்த்தும் கேட்கிறது, ஐகானின் மூலையில் சிறிய கேடயச் சின்னமும் இருக்கிறது என்றால், மென்பொருளை உருவாக்கியவரே அதற்குள் 'எனக்கு அட்மின் உரிமை வேண்டும்' என்று எழுதிவைத்திருக்கிறார். டிஸ்க் பார்ட்டிஷன் கருவி, டிரைவர் கருவி, ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி போன்றவற்றுக்கு இது நியாயமான தேவை. ஒரு டெக்ஸ்ட் எடிட்டருக்கு அப்படியில்லை. புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்கள் இரண்டு வகை இன்ஸ்டாலர் தருகின்றன. உதாரணமாக விஎஸ் கோட் என்ற கோட் எடிட்டரில் 'யூசர் இன்ஸ்டாலர்' அட்மின் உரிமையே இல்லாமல் உங்கள் ஃபோல்டரில் ஏறும், அப்டேட்டுக்கும் கேட்காது.

தினமும் கணினி தொடங்கும்போதே ஓட வேண்டிய, நீங்கள் நம்பும் கருவி என்றால், மென்பொருள்களைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதியான டாஸ்க் ஷெட்யூலரைப் பயன்படுத்தலாம். 'கிரியேட் டாஸ்க்' கொடுத்து, ஜெனரல் டேபில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள். ட்ரிக்கர்ஸில் 'அட் லாக் ஆன்', ஆக்ஷன்ஸில் அந்த இஎக்ஸ்இ. லேப்டாப்பில் ஒரு தொல்லை வரும்: கண்டிஷன்ஸ் டேபில் 'சார்ஜரில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்பது தானாகவே டிக் ஆகியிருக்கும். எடுக்காவிட்டால் பேட்டரியில் ஓடாது. செட்டிங்ஸ் டேபில் 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்று இருப்பதையும் எடுத்துவிடுங்கள்.

யூஏசி ஸ்லைடரை என்ன செய்வது?

ஸ்டார்ட் மெனுவில் யூஏசி என்று ஆங்கிலத்தில் தேடினால் 4 நிலைகள் கொண்ட ஸ்லைடர் வரும். மேலிருந்து இரண்டாவதுதான் வழக்கமான நிலை. உச்சியில் இருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸை நீங்கள் மாற்றும்போதும் கேட்கும். இரண்டாவதுக்கு இறக்கினால் அந்தக் கேள்விகள் குறையும். அடிமட்டத்துக்கு மட்டும் இறக்காதீர்கள். அட்மின் கணக்கில் அப்படிச் செய்தால், கேட்கிற எந்த மென்பொருளுக்கும் முழு உரிமை சத்தமில்லாமல் போய்விடும். அதில் வைரஸும் அடக்கம். அலுவலகக் கணினியில் ஸ்லைடர் அசையவில்லை என்றால் அது நிர்வாகத்தின் பாலிசி; படி 1-இல் பார்த்த மூன்று விவரங்களையும் குறித்து ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போங்கள். பத்தித் தலைப்பில் வலது சொடுக்கி, 'செலக்ட் காலம்ஸ்' கொடுத்து, 'எலிவேட்டட்' என்பதை டிக் செய்யுங்கள். உங்கள் மென்பொருளுக்கு நேரே 'நோ' என்று இருக்க வேண்டும். 'யெஸ்' என்றால் இன்னும் அட்மினாகத்தான் ஓடுகிறது.

வெளியிலிருந்து தெரியும் அடையாளங்களும் உண்டு. அட்மினாக ஓடும் ஜன்னலுக்குள் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலிருந்து கோப்பை இழுத்துப் போட முடியாது. பின்னணியில் இருந்து விசைகளைப் பிடித்துத் தமிழாக்கும் தட்டச்சு மென்பொருள்களும் அங்கே வேலை செய்யாது: மற்ற இடங்களில் தமிழ் வரும், அந்த ஒரு ஜன்னலில் மட்டும் ஆங்கிலமே விழும். தாழ்ந்த உரிமையில் ஓடுவது உயர்ந்த உரிமையில் ஓடுவதைத் தொட விண்டோஸ் விடுவதில்லை என்பதே காரணம். விண்டோஸிலேயே சேர்க்கும் தமிழ் 99 விசைப்பலகைக்கு இந்தத் தடை இல்லை. டிக்கை எடுத்த பிறகு உங்கள் பில்லிங் மென்பொருளில் வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள். தட்டச்சு மென்பொருளை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது.