டிரம் கார்ப்ஸ் ரசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரம் கார்ப்ஸ் என்பது அமெரிக்காவில் கோடைக்காலத்தில் மைதானத்தில் அணிவகுத்தபடியே வாசித்துப் போட்டியிடும் இசைக் குழு. அதன் டிரம்லைனை, அதாவது டிரம்மைச் சுமந்து வாசிப்பவர்களின் வரிசையை, முதன்முதலாகப் பக்கத்தில் நின்று கேட்டது இண்டியானாபோலிஸில். லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்கு வெளியே, போட்டிக்கு முன் குழுக்கள் வாசித்துப் பழகும் ஒரு பார்க்கிங் லாட், ஆகஸ்ட் மாத வெயில். ஸ்நேர் என்கிற கறார் ஒலி டிரம்மை வாசிப்பவர்கள் வளைவாக நின்று, வேகம் காட்டும் மெட்ரோனோம் கருவி டிக் டிக்கென்று அடிக்க, அதன்மேல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம் என்று வியந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்று எதைத் தவறவிட்டேன் என்று புரிய சில வருடங்கள் ஆயின. புதிதாகப் பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் அங்கேதான் இடறுகிறார்கள்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இதைப் பள்ளி பேண்டு என்று நினைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். டிரம் கார்ப்ஸில் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் கிடையாது. பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள், கொடியும் துப்பாக்கி வடிவக் கட்டையும் சுழற்றும் கலர் கார்டு, அடிப்படையில் அவ்வளவுதான். எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லாத தனிக் குழுக்கள் இவை. தேர்வில் தேறி, கையிலிருந்து பணமும் கட்டி, கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளி ஜிம்களின் தரையில் படுத்து எழுந்து வாசிக்கிற இளைஞர்கள். 21, 22 வயதோடு முடிந்துவிடும். இவர்களுக்குப் போட்டி நடத்தும் டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சாம்பியன்ஷிப் 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றார்கள்.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். சத்தத்தையும் வேகத்தையும் மட்டும் கேட்பது. வேகமாக வாசிக்க ஒருவரே போதும், அறையைப் பூட்டிக்கொண்டு நான்கு வருடம் பழகினால் வந்துவிடும். எட்டு ஒன்பது பேர் ஒரே ஆளாகக் கேட்பதுதான் இங்கே சாதனை. அதைப் பிடிக்கச் சில வழிகள் இருக்கின்றன. குச்சி எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்று பாருங்கள். மூன்று அங்குலம், ஆறு, ஒன்பது என்று அளவு வைத்துப் பழகுகிறார்கள். உயரம் மாறினால் ஒலி மாறும், ஒருவர் மட்டும் இரண்டு அங்குலம் கூடத் தூக்கினால் அந்த அடி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உருட்டல், அதாவது இடைவிடாத வேக அடிகள், ஆரம்பிக்கும் இடத்தைவிட அது முடியும் இடத்தைக் கேளுங்கள். சேர்ந்து ஆரம்பிப்பது எளிது. ஒரே கணத்தில் நிறுத்துவதில்தான் வரிசையின் தரம் தெரியும். ஃப்ளாம் என்கிற ரூடிமென்டில் (டிரம்மின் அடிப்படைப் பாடத்தில்) முக்கிய அடிக்குச் சற்று முன் ஒரு சின்ன அடி ஒட்டிக்கொண்டு வரும். ஒன்பது பேரின் சின்ன அடியும் ஒரே இடைவெளியில் விழுந்தால் தடிமனான ஒற்றை ஒலி, விலகினால் பொரி வறுக்கிற சத்தம். அதை ‘டர்ட்டி’ என்பார்கள். காது ஒரு தடவை பழகிவிட்டால் பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

பாஸ் டிரம்காரர்களைப் பின்னணி ஆட்கள் என்று விட்டுவிடாதீர்கள். பொதுவாக ஐந்து பேர், ஐந்து அளவு, ஐந்து சுருதி. ஒரே தொடர் அடியை ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஓடவிடுவார்கள். தன் பங்கு வருவதற்குள் மற்ற நான்கு பேரின் பங்கையும் ஒவ்வொருவரும் மனதுக்குள் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிரம்லைனில் கடினமான வேலை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைதட்டல் என்னவோ ஸ்நேருக்கும், ஒருவரே பல டிரம்களைச் சேர்த்துச் சுமந்து வாசிக்கும் டெனருக்கும்தான் போகிறது.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதே இல்லை: தூரம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நிமிடத்துக்கு 180 பீட் வேகத்தில் வாசிக்கும்போது ஒரு பீட்டின் கால்பகுதி 0.083 வினாடி. அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் ஏறக்குறைய 28 மீட்டர். போட்டி நடக்கும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் முன்பின் ஆழமோ 49 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பின்கோட்டுப் பக்கம் நிற்கும் டிரம்லைனும் முன்னால் மாரிம்பா, வைப்ரஃபோன் போன்ற கருவிகளை நின்ற இடத்தில் வைத்து வாசிக்கும் ‘பிட்’ குழுவும் ஒரே கையசைவைப் பார்த்து அடித்தால், பார்வையாளருக்கு இரண்டும் பிசகித்தான் கேட்கும். அதனால் பிட் காதைப் பின்பக்கம் வைத்து, டிரம் ஒலி வந்து சேர்வதற்கு ஏற்ப வாசிக்கும். மேடையில் நின்று குழுவை நடத்தும் டிரம் மேஜர் பல சமயம் நடு ஸ்நேர்காரரின் பாதங்களைப் பார்த்துத்தான் கையசைக்கிறார். நடத்துபவரை எல்லோரும் பின்பற்றுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம், நடத்துபவரோ ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் கால்களைப் பின்பற்றிக்கொண்டிருக்கிறார்! இது தெரிந்த பிறகு மைதானத்தில் அவர்கள் சிதறி ஓடி மீண்டும் கூடுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

பழைய பதிவுகளைக் கேட்கும்போது இன்றைய காதால் தீர்ப்பு சொல்லிவிடுவது அடுத்த தவறு. இன்றைய ஸ்நேரின் கறார் ஒலிக்குக் காரணம் கெவ்லார் இழைத் தோல். 1980களின் பிற்பகுதியில்தான் அது பரவியது. அதற்கு முன் மைலார் என்கிற பிளாஸ்டிக் தோல், அதை இவ்வளவு இறுக்க முடியாது, ஒலியும் ஈரமாக இருக்கும். 1980களின் தொடக்கம் வரை தாளக் கருவிகளைத் தரையில் வைத்து வாசிக்க அனுமதியில்லை. டிம்பனியையும் சைலஃபோனையும் தோளில் சுமந்து நடந்தபடியே வாசித்தார்கள். 1983 வரை ‘டிக்’ முறையில் நடுவர்கள் தவறு ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு புள்ளி வெட்டினார்கள். நடுவர் பக்கத்திலேயே நடந்து வருகிற பயத்தில் எழுதப்பட்ட இசையும் அதற்கேற்பத்தான் இருக்கும். இதெல்லாம் தெரியாமல் ‘அந்தக் காலத்தில் இவ்வளவுதானா’ என்று கேட்பது அநியாயம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2004இல் ஒலிபெருக்கி வந்தது, 2009இல் மின்னணுக் கருவிகள் வந்தன, அத்தோடு எல்லாம் கெட்டது என்று சொல்கிற பழைய ரசிகர்கள் ஏராளம். அவர்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. சிந்தசைசரின் அடிக்குரல் சில நிகழ்ச்சிகளில் குழல்களை விழுங்குவதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒலிவாங்கி வந்த பிறகுதான் மாரிம்பாக்காரர் கையை ஓங்கி அறையாமல் மென்மையாக வாசிக்க முடிந்தது. அந்த மென்மை எனக்கு வேண்டும்.

மதிப்பெண்ணை வைத்து நினைவைத் தரம் பிரிக்காதீர்கள். 2008இல் ஃபாண்டம் ரெஜிமென்ட் குழு ‘ஸ்பார்டகஸ்’ நிகழ்ச்சியால் ப்ளூ டெவில்ஸ் குழுவை முந்தியது 0.025 புள்ளியில். அந்த வித்தியாசத்தை எந்தக் காது கேட்கும்? 1993இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு, பார்டோக், பார்பர் என்கிற இசையமைப்பாளர்களின் இசையை எடுத்துக்கொண்டு அரங்கமே திகைக்கும்படி ஒன்றைச் செய்தது. கூட்டத்தில் கூச்சலிட்டு எதிர்த்தவர்களும் இருந்தார்கள். பத்தில் ஒரு புள்ளியில் கேடட்ஸ் குழுவிடம் தோற்றது. அந்த வருடத்தோடு போட்டியை விட்டு விலகியும் விட்டது. அதிலிருந்து வளர்ந்த ‘ப்ளாஸ்ட்!’ மேடை நிகழ்ச்சி 2001இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கியது. இன்றும் டிரம் இசை எழுதுகிறவர்கள் அந்த 1993 நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

எழுதுகிறவர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. குழுவின் பெயரும் ஆண்டும் சொல்வோம், தாளத்தை எழுதியவர் பெயரை விட்டுவிடுவோம். சாண்டா கிளாரா வான்கார்டின் பழைய பதிவு பிடித்திருந்தால் ஃப்ரெட் சான்ஃபோர்டு, ரால்ஃப் ஹார்டிமன் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபாண்டம் ரெஜிமென்டுக்கு மார்ட்டி ஹர்லி, ப்ளூ டெவில்ஸுக்கு டாம் ஃப்ளோட், ஸ்டாருக்கு டாம் ஹேனம். இறுதிப் போட்டியில் சிறந்த தாளக் குழுவுக்குத் தரும் விருதே சான்ஃபோர்டின் பெயரில்தான் இருக்கிறது.

பார்க்கிங் லாட்டில் நின்று பயிற்சியைக் கேட்கும்போது சில நடைமுறைகள். வளைவுக்குள் நுழையாதீர்கள். பயிற்சியாளர் நிற்கும் நடுப்பகுதியை மறைக்காதீர்கள். வாசிக்காத நேரத்தில் கீழே வைத்திருக்கும் டிரம்மைத் தொடாதீர்கள். நடுவில் இருப்பவர் ‘டட் டட்’ என்று குரல் கொடுத்து ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுங்கள், அவர்களுக்கு அது தேவை. லாட் வீடியோக்களை மட்டும் பார்த்துவிட்டு டிரம் கார்ப்ஸ் பார்த்தாயிற்று என்றும் இருந்துவிடாதீர்கள். அதில் பிட் பாதி நேரம் இருக்காது, நடை இருக்காது. குளிர்காலத்தில் தொடங்கி ஏப்ரலில் ஓஹியோவின் டேட்டனில் முடியும், டபிள்யூஜிஐ என்கிற அமைப்பின் உள்ளரங்கத் தாளப் போட்டி இதற்கு நல்ல மாற்று. தாளம் மட்டும்தான், மிகப் பக்கத்தில் கேட்கலாம். டபிள்யூஜிஐயில் 1993 முதல் தாளத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

ஸ்டேடியத்தில் முன்வரிசை டிக்கெட் கிடைத்துவிட்டது என்று மகிழாதீர்கள். பிட்டும் ஒலிபெருக்கியும் காதை அடைத்துவிடும், அணிவகுப்பின் வடிவமும் தெரியாது. மைதானத்தின் நடுவிலுள்ள ஐம்பது யார்டு கோட்டுக்கு நேரே, சற்று மேலே உட்காருங்கள்.

முடிவு அறிவித்ததும் ஓடிவிடவும் வேண்டாம். ஒரு முறை இருட்டிய பிறகு பேருந்துகள் பக்கம் நடந்துபோனேன். வயது வரம்பு முடிந்து விடைபெறும் ஒரு பாஸ் டிரம்காரர் தோள்பட்டியைக் கழற்றாமல் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சமையல் வண்டியிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், பட்டியின் கொக்கியைக் கழற்றிவிட்டார்.