கடனை அடைக்க வேண்டுமா? காசைக் கரையிலேயே பிரியுங்கள்

எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் கிடையாது. என் வீட்டுக்காரர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். வாரத்துக்கு மூன்று நாள்தான் விசைப்படகுக்குக் கடல், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்கு. ஒரு நாள் 3,000 வரும், ஒரு நாள் 300 வரும். புயல் எச்சரிக்கை என்றால் வெறும் கை. நான் நெத்திலியும் காரலும் வாங்கிக் காயப்போட்டுக் கருவாடு விற்கிறேன். 'ஒன்றாம் தேதி சம்பளத்தில் இத்தனை சதவீதம் எடுத்து வை' என்று சொல்லும் யோசனைகள் எங்களைப் போன்ற வீடுகளுக்கு ஒத்துவரவே இல்லை. எங்களுக்கு ஒன்றாம் தேதி என்று ஒன்று இல்லை, பாடு, அதாவது வலையில் மீன், கிடைத்த நாள்தான் உண்டு. அதனால் பாடு கிடைத்த அன்றே, வீட்டுக்கு வருவதற்கு முன்பே காசைப் பிரித்துவிட வேண்டும். எங்களுக்கு 1,82,000 ரூபாய் கடன் இருந்தது. இரண்டரை வருடத்தில் அது இறங்கியது இப்படிப் பிரித்ததால்தான். எப்படிச் செய்தோம் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவது. நான் என் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதினேன். ஒரு குழு லோனில் பாக்கி 38,000. இன்னொரு குழு லோனில் 26,500. தினமும் கட்டும் தண்டல் கடன் 6,200. அடகில் இருக்கும் நகைக்கு 48,000. கருவாட்டு வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் 40,000. மளிகைக் கடைப் பற்று 8,300. நாத்தனாரிடம் கைமாற்று 15,000. எழுதி முடித்தபோது கை நடுங்கியது. இருந்தாலும் அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன். எவ்வளவு என்று தெரியாமல் பயப்படுவதுதான் ரொம்பக் கஷ்டம்.

அடுத்து, ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்தில் அது எத்தனை வட்டி என்று எழுத வேண்டும். நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று நம் கணக்கிலேயே எழுதுங்கள். இந்த இடத்தில் நிதானமாக உட்காருங்கள், ஏனென்றால் எங்கள் கண் திறந்தது இங்கேதான்.

தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 என்று சொல்லி 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூறு நாளைக்கு 1,500-தானே என்று தோன்றும். ஆனால் தினமும் கட்டிக்கொண்டே வருவதால் அந்த 8,500 நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதிதான் இருக்கும். கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட பத்து வட்டி வருகிறது. ஆனால் வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டதால், தண்டலை முன்கூட்டியே அடைத்தாலும் ஒரு ரூபாய் மிச்சமாகாது. அதனால் அதை அவசரப்பட்டு அடைக்க வேண்டாம். நாள் தவறாமல் கட்டி முடியுங்கள். எழுபதாவது நாள் வாக்கில், 'அக்கா, பாக்கியைக் கழித்துக்கொண்டு புதுசாகத் தருகிறேன்' என்பார்கள். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். நான் நான்கு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என்னை நிஜமாகவே அதிர வைத்தது வியாபாரியின் முன்பணம். அதற்கு வட்டியே இல்லை, நல்ல மனிதர் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நிபந்தனை ஒன்றுதான்: என் கருவாடு முழுவதையும் அவருக்கே போட வேண்டும். ஒரு நாள் ராமநாதபுரம் வாரச்சந்தையில் விசாரித்தபோது, நெத்திலிக்கு அவர் எனக்குத் தருவதைவிடக் கிலோவுக்கு 15 ரூபாய் கூடுதலாகப் போனது. மாதத்துக்கு நான் 150 கிலோ போடுகிறேன். அப்படியென்றால் மாதம் 2,250 ரூபாய். 40,000-க்கு 2,250 என்றால் ஐந்தரை வட்டிக்கும் மேல்! அடகுக் கடையில் நகைக்கு இரண்டு வட்டிதான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்து நினைத்து அழுதவள், இந்த முன்பணத்தைக் கடனாகவே நினைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். வலை வாங்க, இன்ஜின் பழுது பார்க்க, கடல்பாசி எடுக்கப் போக யாரிடமாவது முன்பணம் வாங்கியிருந்தால் சந்தை விலையையும் உங்களுக்குக் கிடைக்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் வட்டி.

ஆகவே கூடுதலாகக் கிடைத்த காசு முழுவதும் முதலில் அந்த முன்பணத்துக்குப் போனது. ஐயாயிரம் ஐயாயிரமாகக் கொடுத்தேன். பாதி அடைந்ததும், 'பாதிச் சரக்கை நான் வெளியே விற்றுக்கொள்கிறேன்' என்று கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் சம்மதித்தார். வெளியே விற்றதில் கூடுதலாகக் கிடைத்ததையும் அவருக்கே கட்டினேன். எட்டு மாதத்தில் முடிந்தது.

சரி, அந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்தது? செலவுக்கு வருகிறேன்.

மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பற்று நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு மாதக் கணக்கை வரி வரியாகப் பிரித்தேன். அரிசி, எண்ணெய் எல்லாம் நான் நினைத்த அளவில்தான் இருந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வாங்கிய தின்பண்டப் பாக்கெட் மட்டும் 41 வரி. அஞ்சும் பத்துமாக 330 ரூபாய். மிளகாய்த்தூள், மல்லித்தூள், குழம்பு மசாலா எல்லாம் பத்து ரூபாய்ப் பாக்கெட்டாக 26 வரி. துவரம்பருப்பு நான்கு தடவை. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குப் போடும் பருப்பை, அந்த வாரம் கையில் காசு இல்லை என்று விட்டுவிட்டு, கடையில் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துக் கடனாக வாங்கியிருக்கிறேன். பாமாயிலும் அப்படித்தான், ரேஷனில் லிட்டர் 25. இன்னொன்றும் புரிந்தது. பற்றில் வாங்கினால் விலை கேட்க நமக்கு வாய் வராது. இருக்கிற பிராண்டை, சொல்கிற விலைக்கு வாங்கிக்கொண்டு வருவோம்.

பற்றை ஒரேயடியாக நிறுத்த முடியாது. நாங்கள் அண்ணாச்சியிடம் போய், 'பழைய பாக்கியை வாரம் 300 வீதம் தருகிறோம், புதிதாக எழுத வேண்டாம், பிள்ளைகள் வந்து கேட்டாலும் தர வேண்டாம்' என்று சொன்னோம். கடைசிப் பேச்சு முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் நோட்டு மறுபடியும் வளரும். பிள்ளைகளுக்கு வீட்டில் அவித்த கிழங்கோ கடலையோ இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். தை, மாசியில் பனங்கிழங்குக்குக் குறைவில்லாத ஊர் இது. மிளகாய்க்கு, மாசி பங்குனியில் முண்டு மிளகாய் வரும்போது ஐந்து கிலோ வாங்கி, காயவைத்து, மல்லியோடு சேர்த்து மில்லில் அரைத்துவிடுகிறேன். நம் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விளைகிற இடத்திலேயே இருந்துகொண்டு பாக்கெட் தூளை வாங்கிக்கொண்டிருந்தது எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

சோப்பு, ஷாம்பு பாக்கெட்டில் மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். பார்த்துவிட்டேன், அதில் ஒன்றும் தேறாது, வீட்டில் சண்டைதான் மிஞ்சும். குடிதண்ணீரிலும் மருந்திலும் கை வைக்கவே கூடாது. போன் ரீசார்ஜைப் பாருங்கள். 28 நாள் திட்டம் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று தடவை போட வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று போனுக்கும் நெட் இருந்தது. இப்போது ஒன்றில்தான் இருக்கிறது.

அப்புறம் வீட்டுக்காரரின் செலவு. இதைப் பற்றிப் பெண்கள் பலரும் என்னிடம் தனியாகக் கேட்கிறார்கள். படகு கரைக்கு வந்து, கணக்கு முடித்து, பங்கு கைக்கு வந்ததும் எதிரே டீக்கடை. அதைத் தாண்டினால் மற்றது. மூன்று நாளும் குவார்ட்டர் என்றால் வாரம் ஐந்நூறு ரூபாய் பக்கம் போய்விடும். நான் குடிக்காதே என்று பத்து வருடமாகச் சொல்லிப் பலனில்லை. அந்தத் தாளை அவர் முன்னால் விரித்து, ஐந்தரை வட்டிக் கணக்கைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, 'நீ கரைக்கே வந்துவிடு' என்றார். அன்றிலிருந்து படகு வரும் நேரத்துக்கு நான் கரைக்குப் போய்விடுவேன். எப்படியும் கருவாட்டுக்கு மீன் எடுக்கப் போகிறவள்தானே. அங்கேயே காசைப் பிரிப்போம். அவர் கைக்கு 100 ரூபாய், அது அவர் இஷ்டம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கூடுதல். முழுவதும் நிறுத்தவில்லை, ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பிரிப்பதற்குப் பழைய சேலைத் துணியில் மூன்று சுருக்குப்பை தைத்தேன். மஞ்சள் பை சாப்பாட்டுக்கு, பச்சை கடனுக்கு, நீலம் மீன்பிடித் தடைக்காலத்துக்கு. வரும்படி 300 ஆக இருந்தாலும் மூன்று பையிலும் ஏதாவது விழ வேண்டும், பத்து ரூபாயாவது. பாடு நன்றாக இருந்த நாளில் மஞ்சள் பைக்கு 400-க்கு மேல் போடக் கூடாது, நீலத்துக்கு உரியது போக மிச்சமெல்லாம் பச்சை. இந்தக் கட்டுப்பாடுதான் உயிர். கையில் 3,000 இருக்கிற நாளில் ஆட்டுக்கறி எடுக்கலாம், மகளுக்குச் சுடிதார் எடுக்கலாம் என்று தோன்றும். முன்பெல்லாம் அப்படித்தான் செய்தோம், நான்கு நாள் கழித்து அரிசிக்குக் கடன் கேட்டோம்.

நீலப் பையை விட்டுவிடாதீர்கள். நம் கடற்கரையில் கடன் பிறப்பதே அங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 300 என்றால் 18,300 வேண்டும். அரசு நிவாரணம் 8,000 வரும். மீதி 10,300. ஜூன் பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, புயலும் வேலைநிறுத்தமும் கழித்து, எப்படியும் நூறு தடவையாவது கடலுக்குப் போகிறார். ஒரு தடவைக்கு 100 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் நீலப் பையில் விழுந்தால் தடைக்காலம் கடனில்லாமல் கழிந்துவிடும். நிவாரணம் வந்துவிடும் என்று நம்பி முன்கூட்டியே கடன் வாங்காதீர்கள். வருகிற நாள் வரட்டும். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் கட்டும் 1,500-க்கு அரசு 3,000 சேர்த்து 4,500 தருகிறது. அதிலும் ஒரு தவணைகூட விடாமல் கட்டிவிடுங்கள்.

நகையை இடம் மாற்றியது இன்னொரு நல்ல காரியம். அடகுக் கடையில் 48,000-க்கு மாதம் 960 வட்டி. கூட்டுறவு வங்கியில் ஒரு வட்டிக்கும் கீழே. மீட்கப் பணம்? என் தம்பி ஒரே நாளைக்கு என்று கொடுத்தான். காலையில் மீட்டு, மதியம் வங்கியில் வைத்து, சாயங்காலம் அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வங்கியில் மதிப்புப் போட்டுவிட்டு இன்னும் கூடுதலாகத் தரலாம் என்றார்கள். 48,000 போதும் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் மனம் தடுமாறும், முன்கூட்டியே தொகையை முடிவு செய்துகொண்டு போங்கள்.

குழு லோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். தவணைக்கு ஆள் வந்து ராத்திரி எட்டு மணி வரை வாசலில் உட்கார்ந்திருந்த அவமானம் எனக்கும் உண்டு. 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இந்தச் சிறுகடன்களுக்கு வசூல் ஆள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வந்து தொந்தரவு செய்யக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகும்படி கடன் கொடுக்கவும் கூடாது. இதை நான் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். அடுத்த வாரம் ஆறு மணிக்கு மேல் ஆள் வந்தபோது, 'தம்பி, நாளைக்குப் பகலில் வாங்க' என்று சொல்ல முடிந்தது. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் வருடத்துக் கந்துவட்டி தடைச் சட்டம் இருக்கிறது. போலீஸில் எழுதிக் கொடுங்கள், தனியாகப் போகாமல் நான்கு பெண்களாகப் போங்கள்.

சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குச் செய்யும் செய்முறைதான் கடைசி வரை கஷ்டமாக இருந்தது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று வந்தால் நமக்குச் செய்தவர்களுக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும். அதை நிறுத்து என்று நான் சொல்ல மாட்டேன், அதுவும் ஒரு கடன்தான். மொய் நோட்டைப் பார்த்து, அவர்கள் நமக்கு எழுதிய தொகையை மட்டும் திருப்பி எழுதினோம். அதற்கு மேல் ஏற்றவில்லை. இரண்டு வீட்டில் கொஞ்சம் பேச்சு வந்தது. என் நாத்தனார்தான் அவர்களிடம் போய் விவரம் சொன்னார். அவருடைய 15,000-ஐ நாங்கள் கடைசியில்தான் கொடுத்தோம், வட்டி வாங்காதவர் என்பதால் அவரிடமே கேட்டுக்கொண்டு.

ஒவ்வொரு கடன் முடியும்போதும் முடிந்துவிட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். குழு லோனுக்குப் பாக்கி இல்லை என்ற சான்று, வியாபாரியிடம் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம், மளிகை நோட்டில் கோடு போட்ட பக்கம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். எங்களுடையது ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நகைக்கு மட்டும் இன்னும் 19,000 பாக்கி. பச்சைப் பையில் இன்றைக்கு 2,640 இருக்கிறது. நாளை மறுநாள் படகு வரும்.