சேவல் பாய்ந்தால் விளக்குமாற்றைத் தூக்காதீர்கள்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தால் போதும், ஐந்தாறு பெட்டையும் ஒரு சேவலும் மேய்ந்துகொண்டிருக்கும். முட்டைக்கு முட்டை ஆச்சு, விருந்தாளி வந்தால் குழம்புக்கும் ஆச்சு. பெட்டைகளால் பெரிய தொல்லை கிடையாது. சேவல்தான் ஆறேழு மாதம் ஆனதும் ஒருநாள் திடீரென்று, பாத்திரம் கழுவப் போகிறவரின் கெண்டைக்காலில் பாய்ந்து அடிக்கும். "இன்னா திமிரு பாரு இதுக்கு" என்று ஆயா விளக்குமாற்றைத் தூக்குவார். சின்னத் தொல்லை பெரிய தொல்லையாவது அங்கிருந்துதான்.

ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயது வரை சேவலுக்கு ஆண் ஹார்மோன் ஏறுகிற காலம். கொண்டை சிவக்கும், கூவல் கனக்கும், காலில் முள் தலைகாட்டும். இந்த இடத்தில் யார் பெரியவர் என்று சீண்டிப் பார்க்கிற வயது அது. எல்லாச் சேவலும் மனிதர்கள் மேல் பாய்வதில்லை. பாய்கிறவற்றிலும் பாதிக்கு மேல் நாம் பழக்கிவிட்டவைதான் என்பது என் எண்ணம்.

அடிப்பது, ஓடுவது

இரண்டு சேவல்கள் மோதும்போது நின்று பாருங்கள். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையைத் தாழ்த்தி முறைக்கும். எகிறி இரண்டு காலாலும் அடிக்கும். மறுபடி முறைக்கும். எதிரி திருப்பி அடித்துக்கொண்டே இருக்கிற வரை சண்டை நடக்கும். எதிரி திரும்பி ஓடிவிட்டால், ஜெயித்தது கொஞ்சதூரம் துரத்திவிட்டு வந்து இறக்கையைத் தட்டிக் கூவும்.

நாம் காலால் எட்டி உதைத்தால் அதன் கணக்கில் எதிரி திருப்பி அடிக்கிறான், ஆட்டம் தொடர்கிறது. "ஐயோ" என்று ஓடினால் எதிரி தோற்றுவிட்டான், நாளைக்கும் பாயலாம். இரண்டுமே அதற்குப் புரிகிற மொழிதான், நமக்குத்தான் இரண்டாலும் நன்மை இல்லை. நன்றாக அடி வாங்கிய சில சேவல்கள் ஒதுங்கிப் போவதும் உண்டு. ஆனால் அவற்றில் பல, முன்னால் வருவதை விட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் வரக் கற்றுக்கொள்ளும். அது இன்னும் மோசம். செருப்பை வீசுவதில் செருப்பு தொலைவதைத் தவிர வேறு பலன் எதையும் நான் பார்த்ததில்லை.

சேவல் பாயப்போகிறது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். ஒரு பக்க இறக்கையை மட்டும் தொங்கவிட்டு, நேராக வராமல் பக்கவாட்டில் நகர்ந்து வரும். நடுவில் நின்று, ஒன்றுமே இல்லாத தரையைக் கொத்தும். இரை எடுக்கிறது என்று நினைத்து நாம் திரும்பிக்கொள்வோம். ஆனால் அலகில் ஒன்றும் இருக்காது, ஒரு கண் மட்டும் நம் மேலேயே இருக்கும். அந்த நேரத்தில் முதுகைக் காட்டக் கூடாது. அதைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கையில் முறமோ பிளாஸ்டிக் கூடையோ இருந்தால் முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்க அல்ல, தடுக்க. பிறகு அவசரப்படாமல் இரண்டு எட்டு அதை நோக்கி நடங்கள். அது பார்வையை விலக்கி நகர்ந்துவிட்டாலோ, நிஜமாகவே மேய ஆரம்பித்துவிட்டாலோ போதும், நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் துரத்தினால் சமாதானம் ஆனதை நாமே கெடுத்த மாதிரி.

இதை வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அம்மா நிற்கிறார், அப்பா உதைக்கிறார், பையன் ஓடுகிறான் என்றால் சேவல் பையனைக் குறிவைத்துக்கொள்ளும். அப்புறம் இன்னொன்று: புடவை முந்தானையும் நைட்டி ஓரமும் காற்றில் படபடப்பது, வாளியோடு வேகமாக வருவது, இதெல்லாம் வீம்பில் இருக்கிற சேவலைத் தூண்டும். கொஞ்சநாள் கொல்லைப்பக்கம் நிதானமாக நடந்தாலே பாதி குறையும்.

தூக்கி வைத்துக்கொள்வதும் பலன் தரும். இறக்கை இரண்டையும் உடம்போடு அணைத்து, கால்களைக் கையில் பிடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அது துள்ளுவதை நிறுத்துகிற வரை உங்கள் வேலையைப் பாருங்கள். அடங்கியபின் இறக்கிவிடுங்கள். சந்தையிலிருந்து கொண்டுவருகிற மாதிரி தலைகீழாகத் தூக்கக் கூடாது. கோழிக்கு நமக்கு இருப்பதுபோல உதரவிதானம் இல்லை. தலைகீழாகத் தொங்கினால் உள்ளுறுப்புகள் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சு முட்டும். வாய் திறக்காமல் கிடப்பதைப் பார்த்து அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

செல்லமாக வளர்த்த ஒற்றைச் சேவல்

திருவிழாக் கடைகளில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் போட்ட கோழிக்குஞ்சு விற்பார்களே, அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஆண் குஞ்சுகள். ஐந்து வாங்கினால் ஒன்று பிழைப்பதே அதிசயம். பிழைத்த அந்த ஒன்று கூட்டாளி இல்லாமல், அட்டைப்பெட்டியிலும் பிள்ளைகள் மடியிலும் வளரும். கையில் சோறு தின்னும், தோளில் ஏறும். விரலை நீட்டி நீட்டி அதோடு சண்டை விளையாட்டும் நடக்கும், குஞ்சு எகிறி அடித்தால் வீடே சிரிக்கும். ஆறு மாதம் கழித்து அதே விளையாட்டை முள்ளோடு விளையாடும்போது மட்டும் கோபம் வரும்.

தாய்க்கோழியோடும் மற்ற கோழிகளோடும் வளர்கிற சேவலுக்கு, வயதில் பெரியவை கொத்திக் கொத்தி வரம்பைச் சொல்லிக்கொடுத்துவிடும். மனிதர்களோடு மட்டும் வளர்ந்தது நம்மையே தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. நம்மிடம் பயமும் இருக்காது. எனவே ஆண் குஞ்சு என்று தெரிந்தபின் மடியில் வைத்துக் கொஞ்சுவதைக் குறைத்துவிடுங்கள். பெட்டைக்குஞ்சை எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சலாம், பரவாயில்லை.

சண்டைக்கோழி இனம் என்றாலே மனிதர்களையும் அடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அசில் இனச் சேவல்கள் மற்ற சேவலைக் கண்டால் விடாது, ஆனால் வளர்க்கிறவரிடம் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். குட்டையான சிறுவிடைச் சேவல்தான் சில வீடுகளில் ஊரையே துரத்தும்.

சேவல் அதிகம், பெட்டை குறைவு

ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை என்பது பொதுவான கணக்கு. நம் பக்கம் நடப்பது வேறு. ஆடிக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று விட்டுவைத்து, நாலு பெட்டைக்கு மூன்று சேவல் நிற்கும். பெட்டைகளின் முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஓயாமல் மிதிபட்டு இறகு உதிர்ந்து தோல் தெரியும், தலைக்குப் பின்னால் கொத்திப் பிடித்த காயம் இருக்கும். சேவல்கள் ஒன்றையொன்று முறைத்து முறைத்து எந்நேரமும் சூடாகவே இருக்கும். அந்த நேரம் குறுக்கே போகிற நம் காலுக்கும் விழும். கூடுதல் சேவலைக் குழம்புக்கு அனுப்ப மனமில்லை என்றால், பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் சேவல்களைத் தனியாக அடையுங்கள். பெட்டை இல்லாத இடத்தில் சண்டையும் குறைவு.

காட்பாடி, சத்துவாச்சாரி மாதிரி வீடுகள் நெருங்கிய இடத்தில் முட்டைக்கு மட்டும் கோழி வளர்க்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். விடியற்காலைக் கூவலுக்குப் பக்கத்து வீட்டில் வாங்குகிற பேச்சும் மிச்சம்.

சாமிக்கு விட்ட சேவல்

இதுதான் சிக்கலான விஷயம். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலை விற்க முடியாது, வேறு நாளில் அறுக்கவும் முடியாது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, மற்ற ஊர்களில் ஆடியில் கூழ் ஊற்றுவது என்று அதற்கு ஒரு தேதி இருக்கும். மார்கழியில் பொரித்த குஞ்சை நேர்ந்துவிட்டால், ஆடி வருகிற நேரத்தில் அது சரியாக வீம்பு ஏறிய வயதில் நிற்கும். சாமி சேவல் என்பதால் யாரும் அதட்டுவதும் இல்லை. நன்றாகத் தீனி போட்டு, எதிரே வந்தால் விலகி வழிவிட்டு, தெருவுக்கே அது பெரிய மனுஷனாகிவிடும்.

நேர்த்திக்கடனுக்கும் அடைத்து வைப்பதற்கும் ஒரு பகையும் இல்லை. பகல் முழுக்க அவிழ்த்துவிடாமல், கம்பிவலை அடித்த தனிக்கூண்டில் நிழலும் தண்ணீரும் வைத்து அடைக்கலாம். சாயங்காலம் பிள்ளைகள் உள்ளே போனபின் ஒரு மணி நேரம் திறந்துவிடலாம். காலில் கயிறு கட்டி நாள் முழுக்க ஒரே இடத்தில் வைப்பது மட்டும் வேண்டாம். கால் அறுபடும், வெறி கூடும், நாய் வந்தால் தப்பவும் முடியாது.

முள்ளும் காயமும்

முள் என்பது நகம் மாதிரி வெறும் கொம்புப்பொருள் அல்ல. மேலே உறை, உள்ளே எலும்பும் ரத்தநாளமும். கத்தரியால் அடியோடு வெட்டினால் ரத்தம் கொட்டும், புண் சீழ் வைக்கும். நுனியை மட்டும் அரம் வைத்துத் தேய்த்து மழுக்கலாம். அதற்கு மேல் என்றால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

சேவல் முள் குத்திய காயம் வெளியே சின்னதாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். மஞ்சளை அப்பி மூடிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அதைச் செய்யாமல் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள். சேவல் கொத்தினால் வெறிநாய்க்கடி நோய் வருமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பாலூட்டிகளால் பரவுகிற நோய், கோழியால் வராது. உண்மையில் பயப்பட வேண்டியது குழந்தைகளின் கண்ணுக்கு. மூன்று வயதுக் குழந்தையின் முகமும் சேவல் எகிறுகிற உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பாய்கிற சேவல் அவிழ்ந்திருக்கும்போது சின்னப் பிள்ளையைத் தனியாகக் கொல்லைக்கு விடவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை.

காவல் காப்பதைக் குற்றமாக்காதீர்கள்

பருந்து நிழல் தரையில் ஓடினால் குரல் கொடுத்துப் பெட்டைகளைப் புதருக்குள் விரட்டுவதும், கீரியைக் கண்டால் முன்னால் நிற்பதும் சேவலின் வேலை. அதன் கண்முன்னே ஒரு பெட்டையைத் துரத்திப் பிடித்து, அது கத்தக் கத்தத் தூக்கினால் எந்த நல்ல சேவலும் பாயும். பெட்டையைப் பிடிக்க வேண்டுமானால் இருட்டியபின் போங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, கூட்டிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். சேவலைப் பிடிப்பதும் அப்படியே. வேலூர் வெயிலில், அதுவும் கத்திரி நாட்களில், நடுப்பகலில் கோழியை ஓடவிட்டுத் துரத்தவே கூடாது. கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். துரத்திய வேகத்தில் சுருண்டு விழுந்து செத்துப்போவதும் உண்டு.

இதுநாள் வரை சாதுவாக இருந்த வயதான சேவல் திடீரென்று பாய்ந்தால், பிடித்துப் பாருங்கள். இறகுக்கடியில் செள் மொய்த்திருக்கலாம், பாதத்தில் புண் இருக்கலாம், ஒரு கண் மங்கியிருக்கலாம்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால்

நிதானமாக ஒன்றிரண்டு மாதம் பழக்கியும் பிள்ளைகளையோ வயதானவர்களையோ தேடிவந்து அடிக்கிற சேவலை வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. குழம்பாகட்டும். "ரொம்ப சாதுங்க" என்று சொல்லி இன்னொரு வீட்டில் தள்ளிவிடுவது மட்டும் பெரிய தப்பு, அங்கேயும் குழந்தை இருக்கும்.

புதுச் சேவலைச் செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைப் பக்கம் வாங்கினாலும் தெரிந்தவர் வீட்டில் வாங்கினாலும், அன்றைக்கே கூட்டில் விட்டுவிடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழித் தொற்றுநோய் கூடவே வந்தால் ஒரு வாரத்தில் கூடு காலியாகிவிடும். மூன்று வாரமாவது தள்ளித் தனியாக வைத்து எச்சத்தையும் தீனி எடுப்பதையும் கவனியுங்கள். கழிச்சல் தடுப்பூசி போட வேண்டுமா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

முரட்டுக் குணம் ஓரளவு வம்சத்திலும் வரும். ஆகவே பழைய சேவல் போனதும் அவசரப்பட்டு அடை வைக்க வேண்டாம். ஒருமுறை மிதித்த விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தங்கும். சேவல் போன அடுத்த நாள் இட்ட முட்டையிலும் அதே சேவலின் குஞ்சுதான் வரும். மூன்று வாரத்து முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன்பின் புதுச் சேவலைச் சேர்த்து, பத்து நாள் விட்டு வருகிற முட்டையை அடைக்கு வையுங்கள்.